எந்த மிஷன் கோயில் என்று கேட்டீர்களே

லெக்சிங்டன், கெண்டக்கி
ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

நாங்கள் நால்வரும் சுகம். அப்பாவின் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது?

போன வாரம் போனில், நாங்கள் இங்கே போகிற கோயிலைப் பற்றி, “ஏட்டி, அது எந்த மிஷன் கோயிலு?” என்று கேட்டீர்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்டதால் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

எந்த மிஷனும் இல்லை அம்மா. வாசல் பலகையில் ஊர்ப் பெயரும் ‘கிறிஸ்தவ சபை’ என்பதும்தான் இருக்கும். பேராயர் இல்லை, டயோசிஸ் இல்லை, சேகரம் இல்லை. ஞாயிறுதோறும் அறுபது எழுபது பேர் வருகிறார்கள். மூப்பர்களை அவர்களே தெரிந்தெடுக்கிறார்கள், போதகரை அழைப்பதும் சபைதான். முதல் ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும், நம்மூரில் எல்லாரும் நின்று அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லப் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். வேறு யாரும் எழவில்லை. “கிறிஸ்துவைத் தவிர எங்களுக்கு வேறு பிரமாணம் இல்லை” என்பார்கள். நம் பிரமாணத்திலுள்ள எதையும் அவர்கள் மறுப்பதில்லை. ஆனால் மனுஷர் எழுதிய வாசகம் ஒருவரையும் வெளியே நிறுத்தும் வேலியாகிவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். அந்தியோகியாவில் சீஷர்களுக்கு வழங்கிய ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பேரே போதும், மேலே இன்னொரு பேர் எதற்கு என்கிறார்கள்.

இந்த எண்ணம் முளைத்த இடம் இங்கே பக்கத்தில்தான். கேன் ரிட்ஜ் என்று பேர். போன மாசம் மூப்பர் ஒருவர் எங்களைக் காரில் கூட்டிப்போய்க் காட்டினார். 1791-ல் மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய கோயில். அது கெட்டுப்போகாமலிருக்க, மேலே ஒரு பெரிய கல் கட்டடத்தையே எழுப்பியிருக்கிறார்கள். 1801 ஆகஸ்டில் அங்கே நடந்த திருவிருந்துக் கூட்டத்துக்குப் பல்லாயிரம் பேர் வந்து வெட்டவெளியில் தங்கினார்களாம். அப்போது அங்கே பார்ட்டன் ஸ்டோன் என்ற பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர் இருந்தார். மூன்று வருஷம் கழித்து அவரும் சில போதகர்களும், தாங்களே தொடங்கியிருந்த சங்கத்துக்கு ‘கடைசி உயில்’ எழுதிக் கலைத்துவிட்டார்கள். இந்தச் சங்கம் சாகட்டும், கிறிஸ்துவின் சரீரத்தோடு கலந்துபோகட்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டு எனக்கு மெய்சிலிர்த்தது. தன் சங்கத்தை வளர்க்கப் பார்க்கிறவர்களைத்தானே நாம் கண்டிருக்கிறோம்!

அதே கோயிலில் அடிமைகள் உட்கார்ந்த மேல்மாடமும் இருக்கிறது. அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். நம்மூர்க் கோயில்களில் அந்தக் காலத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தாத்தா சொன்னது நினைவுக்கு வந்தது.

இவர்களை ரொம்ப உயர்த்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எல்லாரையும் ஒன்றாக்கக் கிளம்பியவர்களும் பிரிந்துதான் போனார்கள். கோயிலில் வாத்தியம் வாசிக்கலாமா கூடாதா என்பதும் ஒரு சண்டை. 1906 கணக்கெடுப்பில் இரண்டு கூட்டமாக எண்ணப்பட்டார்கள், பிறகு மூன்றானார்கள். நாசரேத் எஸ்.பி.ஜி. மிஷன் வீட்டுப் பெண்ணான நீங்கள் மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். மிஷன் வீட்டுக்கு வந்ததை ஆச்சி கடைசிவரை சொல்லிக்காட்டவில்லையா? 1947-லேயே எல்லாரும் சி.எஸ்.ஐ. என்ற ஒரே சபை ஆகிவிட்டோம், ஆச்சி மட்டும் ஆகவில்லை.

திருவிருந்து இங்கே வாராவாரம் உண்டு. பீடத்தண்டை போய் முழங்கால்படியிடுவதில்லை. தட்டு பெஞ்சு பெஞ்சாக வரும், பக்கத்தில் இருப்பவருக்கு நாமே நீட்ட வேண்டும். இந்த மாசம் கிண்ணம் நிரப்பும் முறை எனக்கு. ஒரு தட்டில் நாற்பது குழி, குழிக்கு ஒரு கிண்ணம், விரல் கணு அளவுதான். திராட்சச் சாறு, ஒயின் இல்லை. நேற்றுச் சாயங்காலம் கோயில் அடுப்படியில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தபோது எண்பது வயசுப் பாட்டி ஒருத்தி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “பாதிக்கு மேல் ஊற்றாதே மகளே, கை நடுங்குகிறவர்கள் எடுப்பார்கள்” என்றாள். அவளுக்கே கை நடுங்குகிறது. மறுபடி எல்லாக் கிண்ணத்தையும் குறைத்து வைத்தேன்.

எனக்கு ஆபரேஷன் ஆன மூன்று வாரமும் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். ஒருநாள்கூடத் தப்பவில்லை. எங்களுக்கு உறைப்பு வேண்டுமே என்று ஒரு அக்கா மிளகாய்த்தூள் டப்பாவைத் தனியாக வைத்துவிட்டுப் போனாள்.

நீங்கள் கேட்கத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். இல்லை அம்மா, நான் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மேடைத் திரைக்குப் பின்னால் பெரிய தொட்டி இருக்கிறது. சபை அங்கத்தினர் ஆக வேண்டுமானால் அதில் முழுகி எழ வேண்டும். வற்புறுத்தவில்லை, ஆனால் அதுதான் வேதத்தின் முறை என்று நம்புகிறார்கள். என்னிடம் பேசும்போது மூப்பருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். ஆயர் ஐயா என் நெற்றியில் வார்த்த தண்ணீரைப் போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கத்தினர் புஸ்தகத்தில் என் பேர் இல்லை, கிண்ணம் நிரப்புகிறவர்கள் பட்டியலில் இருக்கிறது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்று அவரும் சொல்கிறார்.

பீரோ மேல்தட்டில் பழைய பாமாலைப் பாட்டுப் புஸ்தகத்துக்குள் என் ஞானஸ்நானச் சீட்டை வைத்திருப்பீர்களே, அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பார்க்க வேண்டும் என்று மூப்பர் கேட்டார். அன்றைக்கு நான் அழுதேனா என்றும் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்