கணக்கில் வராத வருஷம்

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. மாரிமுத்து சாரைப் பார்த்தால் விசில் பத்திரமா என்று நான் கேட்டதாகச் சொல். மற்றதெல்லாம் போனில்.

உன் அக்கா பையன் அரவிந்த் பற்றி நீ கேட்டது மட்டும் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. "ஸ்கூல் கூடைப்பந்து டீமில் இவ்வளவு நன்றாக ஆடுகிறான், ஒரு அமெரிக்கக் காலேஜ் கோச்கூட ஏன் கூப்பிடவில்லை?" என்று கேட்டிருந்தாய். குறை அவன் ஆட்டத்தில் இல்லைடி. அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நடந்த ஒன்று இன்றைக்கும் அவன் உட்கார வேண்டிய நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

2020 மார்ச் 12 நினைவிருக்கிறதா? அன்றுதான், கொரோனா பரவியதால், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. ஆண்கள், பெண்கள் இரண்டு தேசியக் கூடைப்பந்துப் போட்டிகளையும் ரத்து செய்தது. ஐவி லீக் (யேல், கொலம்பியா, பிரின்ஸ்டன் மாதிரி எட்டுக் கல்லூரிகளின் லீக்) இரண்டு நாள் முன்னாலேயே தன் போட்டியை நிறுத்தியிருந்தது. அவசரக் குடுக்கைகள் என்று அப்போது எல்லோரும் அவர்களைத்தான் ஏசினார்கள். எனக்கு அந்த வருஷம் என்றால் டேட்டன் கல்லூரி டீம்தான். 29 வெற்றி, 2 தோல்வி, அந்த இரண்டும் ஓவர்டைம் என்கிற கூடுதல் நேரத்தில். ஓபி டாப்பின் அந்த வருஷத்தின் சிறந்த வீரர். அப்படி ஒரு டீம் அந்த ஊருக்கு இன்னொரு முறை எப்போது வாய்க்கும்? தேசியப் போட்டியில் ஒரு பந்துகூடப் போடாமல் கலைந்தது. வசந்தகால விளையாட்டுக்காரர்களுக்கு இழந்த வருஷத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூடைப்பந்து சீசன் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று சொல்லி இவர்களுக்குக் கொடுக்கவில்லை. கடைசி வருஷப் பையன்கள் அப்படியே வீட்டுக்குப் போனார்கள்.

கணக்கு குழம்பியது அதற்கடுத்த சீசனில். 2020-21ல் யார் எத்தனை ஆட்டம் ஆடினாலும் அந்த வருஷம் கணக்கில் சேராது என்று அறிவித்தார்கள். அப்போது சாதாரண விதி, ஐந்து வருஷத்துக்குள் நாலு சீசன். அந்த வருஷம் டீமில் இருந்த அத்தனை பேருக்கும், முதல் வருஷத்துப் பையனிலிருந்து கடைசி வருஷத்துக்காரன் வரை, ஒரு சீசன் கூடிவிட்டது.

அரவிந்த் சிக்கியிருப்பது இந்த இடத்தில்தான், பொறுமையாகப் படி. ஆண்கள் டீமுக்கு அப்போது ஸ்காலர்ஷிப் 13. வழக்கமாக வருஷத்துக்கு மூன்று நாலு பேர் முடித்துப் போவார்கள், மூன்று நாலு பேர் பள்ளியிலிருந்து வருவார்கள். 2021 வசந்தத்தில் யாருமே போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு சலுகை கொடுத்தார்கள்: தன் கல்லூரியிலேயே தங்கும் கடைசி வருஷ சீனியர் 2021-22ல் அந்த 13க்குள் சேரமாட்டார். வேறு கல்லூரிக்குப் போனால் அங்கே சேருவார். அந்தச் சலுகையும் ஒரே வருஷம்தான். அதன் பிறகு ஐந்து வகுப்புப் பிள்ளைகள் நாலு வகுப்புக்கான இடத்தில் நெருக்கியடித்தார்கள். 2020ல் முதல் வருஷம் சேர்ந்தவர்களுக்கு ஐந்தாம் சீசன் 2024-25. அதையும் ஆடியவர்கள் 2025 வசந்தத்தில்தான் வெளியேறினார்கள். இத்தனை வருஷமும் எங்கே இடம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறாய்? பள்ளி முடித்து வரும் பிள்ளைகளுக்குத்தான். கோச்சைத் திட்டியும் பயனில்லை. ஒரு பக்கம் பதினெட்டு வயதுப் பையன், இன்னொரு பக்கம் நூறு ஆட்டம் ஆடி, எடை போட்டு, டிகிரியும் வாங்கிய இருபத்திரண்டு வயதுக்காரன். அடுத்த மார்ச்சில் தோற்றால் தன் வேலை போகும் என்கிற கோச் யாரை எடுப்பார்?

2022 இறுதி ஆட்டத்தைக் கேன்சஸ் ஜெயித்ததற்காக நீ எனக்கு நடுராத்திரியில் அனுப்பிய பதினேழு மெசேஜும் இன்னும் இருக்கிறது. அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார். உன் ரெமி மார்ட்டின் அரிசோனா ஸ்டேட்டில் நாலு வருஷம் முடித்து ஐந்தாவதுக்குக் கேன்சஸ் வந்தவர். அன்றைக்கு 14 பாயிண்ட். எதிரணியில் பிரேடி மேனெக், ஓக்லஹோமாவில் நாலு வருஷம் முடித்து ஐந்தாவதுக்கு நார்த் கரோலைனா. 13 பாயிண்ட், 13 ரிபவுண்டு (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). கணக்கில் வராத அந்த வருஷம் இல்லையென்றால் இரண்டு பேருமே மைதானத்தில் இல்லை. 72-69 என்று முடிந்த ஆட்டம் அது!

டிகிரி முடித்து மாறுகிறவர்கள் முன்பும் இருந்தார்கள். அப்போதெல்லாம் மற்றவர்கள் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியிருந்தது, டிகிரி முடித்தவர் மட்டும் உடனே ஆடலாம். அப்படிப் போனவர்களில் மைக் ஸ்மித்தை நான் மறக்கமாட்டேன். கொலம்பியாவில் முட்டி அடிபட்டு ஒரு சீசன் போனதால் மிச்சம் ஒன்று இருந்தது. ஆனால் ஐவி லீக்கில் டிகிரி வாங்கியவர் ஆடக் கூடாது. மிச்சிகன் போனார். கொலம்பியாவில் ஆட்டத்துக்கு 22.8 பாயிண்ட் எடுத்தவர் அங்கே 9 எடுத்தார், அஞ்சுக்கு மேல் அசிஸ்ட் (மற்றவர் பாயிண்ட் போட உதவும் பாஸ்) கொடுத்தார், டீம் பிக் டென் லீக் சாம்பியன் ஆனது. தன் பாயிண்டை அவர் விட்டுக்கொடுத்தார், அதனால்தான் அது நடந்தது. சின்ன கல்லூரியில் ஒரு ஆட்டத்துக்கு இருபது ஷாட் போட்டுப் பழகிய கை பெரிய கல்லூரியில் ஏழு ஷாட்டோடு நிற்க வேண்டும். பல பேருக்கு நிற்பதில்லை. ஜனவரியில் முகம் தொங்க ஆரம்பிக்கும், பிப்ரவரியில் டிஃபென்ஸ் தளரும்.

இன்னொரு கோளாறு தடுப்பாட்டத்தில் வரும். பந்து வைத்திருப்பவரை மறிக்கிறவரின் வழியில் எதிரணி ஆள் ஒருவர் சுவர் மாதிரி நிற்பதுதான் ஸ்க்ரீன். அப்படிப் போட்டால் தடுக்கும் டீமின் சென்டர் (வளையத்தருகே நிற்கும் உயரமானவர்) என்ன செய்வது? ஒரு கோச் பின்வாங்கி வளையத்தைக் காக்கச் சொல்வார், ஒருவர் வெளியே பாய்ந்து பந்துக்காரரை மறிக்கச் சொல்வார், ஒருவர் ஆளை மாற்றிக்கொள்ளச் சொல்வார். நாலு வருஷம் பின்வாங்கியே பழகிய கால், புது இடத்தில் பயிற்சியில் சரியாகப் பாயும். கடைசி இரண்டு நிமிஷத்தில், மூச்சு வாங்கும்போது, பழைய வழக்கத்துக்கே போய்விடும். பின்னால் இருக்கிறவர்கள் அவர் பாய்வார் என்று நம்பி நகர்ந்திருப்பார்கள், மூலையில் ஒருவன் தனியாக நின்று மூன்று பாயிண்ட் போடுவான். கோடையில் எட்டு வாரம், வாரத்துக்கு எட்டு மணி நேரம். இலையுதிர்காலத்தில் முதல் ஆட்டத்துக்கு முந்திய 42 நாளில் 30 பயிற்சி. ஏழு புதுமுகங்களை வைத்துக்கொண்டு இதற்குள் ஒரு பாஷை பேசவைப்பது லேசில்லை. புத்திசாலி கோச்சுகள் தடுப்பு முறையை இரண்டாகக் குறைத்துவிடுகிறார்கள். பழைய டீமிலிருந்து ஆட்டத்தை நடத்தும் ஒரு பாயிண்ட் கார்டையோ சென்டரையோ எப்பாடுபட்டாவது தக்கவைத்துக்கொள்கிறார்கள். கூப்பிட்டுச் சொல்ல ஒரு குரல் வேண்டுமே.

எனக்கு ஆறாதது ஐவி லீக்தான். 2020 நவம்பர் 12ந் தேதி சீசன் முழுவதையும் ரத்து செய்தார்கள். உயிர் பற்றிய பயம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பட்டதாரி ஆடக் கூடாது என்ற விதியையும் பிடித்துக்கொண்டார்களே, அது நியாயமா? என்.சி.ஏ.ஏ. கணக்கில் சீசன் மிச்சம், சொந்தக் கல்லூரிக் கணக்கில் கதவடைப்பு. 2021 பிப்ரவரியில் ஒரே ஒரு வகுப்புக்கு விலக்கு கொடுத்தார்கள், அதுவும் அதே கல்லூரியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தால்தான். கிடைப்பது சுலபமா? யேலின் பால் அட்கின்சன் நோட்டர் டேம் போனார். 2022 தேசியப் போட்டியில் ரட்கர்ஸுடன் இரண்டு ஓவர்டைம் போன ஆட்டத்தில் 26 பாயிண்ட், கடைசி நொடிகளில் தவறிய பந்தைப் பிடித்துப் போட்டு ஜெயிக்கவைத்ததும் அவரே. பிரின்ஸ்டன் பெண்கள் டீமின் ஆபி மேயர்ஸ் 2022ல் லீக்கின் சிறந்த வீராங்கனை; அடுத்த வருஷம் மேரிலாந்துக்கு ஆடி அந்த டீம் கடைசி எட்டு வரை போனது. மாட் அலோக்கோ 2020ல் பிரின்ஸ்டனில் சேர்ந்தார், முதல் சீசனே இல்லை. மூன்று ஆடி, டிகிரி வாங்கி, நாலாவதுக்கு நோட்டர் டேம். சேர்ந்து நாலு வருஷம் கழித்துக்கூட அந்த ரத்து பின்னாலேயே வந்து அவரை வெளியே தள்ளியது பார்.

செயின்ட் பொனவெஞ்சர் என்ற சின்ன கல்லூரியின் கதை வேறு மாதிரி. அங்கே சீசன் ரத்தாகவில்லை. 2021ல் அட்லாண்டிக் 10 லீக் சாம்பியன் ஆன டீமின் முதல் ஐந்து பேரும் சேர்ந்தே அடுத்த வருஷமும் ஆடினார்கள். 2022 வசந்தத்தில் ஐந்து பேரும் போனார்கள்: லாஃப்டன் ஃபுளோரிடாவுக்கு, ஹோம்ஸும் ஒசுன்னியியும் அயோவா ஸ்டேட்டுக்கு, வெல்ச் அலபாமாவுக்கு, அடவே தொழில்முறை ஆட்டத்துக்கு. பதினெட்டு வயதில் யாரும் கவனிக்காதபோது எடுத்து வளர்த்தது சின்ன கல்லூரி, இருபத்திரண்டில் பலன் பார்ப்பது பெரிய கல்லூரி. பிள்ளைகள் போனதில் தப்பில்லை, அவர்கள் வாழ்க்கை. ஆனால் வளர்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காத ஏற்பாடு எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, அரவிந்த். கூடுதல் வருஷக்காரர்கள் போய்விட்டார்களே, இடம் திறக்குமே என்று உன் அக்கா நினைப்பார். முழுக்கத் திறக்கவில்லை. 2021ல் எல்லோருக்கும் ஒரு முறை உடனே மாறலாம் என்றார்கள், 2024ல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. பட்டதாரிக்கு மட்டும் இருந்த பக்கக் கதவு இப்போது வாசலே ஆகிவிட்டது. 2025ல், வீரர்களுக்குக் கல்லூரியே நேராகப் பணம் கொடுக்கலாம் என்ற புது ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில், 13 ஸ்காலர்ஷிப் வரம்பும் போனது. அந்தக் கல்லூரிகளில் டீமுக்கு மொத்தம் 15 பேர். ஸ்காலர்ஷிப் இல்லாமல் பின்வரிசையில் இடம் பிடித்து வளர்வது அங்கே இன்னும் கஷ்டம்.

ஆகவே எந்த கோச் பேசினாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல். இந்த வசந்தத்தில் முடித்துப் போவது எத்தனை பேர்? கடந்த மூன்று வருஷத்தில் பள்ளியிலிருந்து எடுத்தவர்களில் இன்னும் இங்கே இருப்பது எத்தனை பேர்? என் இடத்தில் ஆட வேறு கல்லூரியிலிருந்து யாரையாவது பார்க்கிறீர்களா? இரண்டாம் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் அங்கே போக வேண்டாம். என்.சி.ஏ.ஏ. பிரிவுகளில் கடைசியான மூன்றாம் டிவிஷன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் முதல் வருஷமே முப்பது நிமிஷம் ஆட வாய்ப்பு உண்டு, படிப்புக்கும் தேவைக்கும் தனியாகப் பண உதவி உண்டு. முதல் டிவிஷன்தான் வேண்டுமென்றால் பள்ளியில் 16 முக்கியப் பாடமும் அவற்றில் நாலுக்கு 2.3 சராசரியும் இருந்தாக வேண்டும். பத்துப் பாடம் கடைசி வருஷம் தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அதை இன்றைக்கே சரிபார்க்கச் சொல், அப்புறம் திருத்த வழியில்லை.

அவன் மார்க் பட்டியலையும் இரண்டு முழு ஆட்டத்தின் வீடியோவையும் அனுப்பிவை. நல்ல ஷாட்டாகப் பொறுக்கிச் சேர்த்த மூன்று நிமிஷ வீடியோ வேண்டாம். ஸ்க்ரீன் வரும்போது அவன் கால் எப்படி நகர்கிறது, பந்து கையில் இல்லாதபோது வாய் திறந்து பேசுகிறானா என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும். அதில் ஒரு ஆட்டமாவது அவர்கள் தோற்ற ஆட்டமாக இருக்கட்டும்.

உன்
ராஜி