தம்பிக்கு, அம்மா எழுதுறது

அப்பன், சுகமா இருக்கிறியோ. இஞ்ச சிறுபோகத்துக்கு உழுது முடிஞ்சுது, இரணைமடுக் குளத்தால தண்ணி திறப்பினம் எண்டு சொல்லுகினம், எங்கட துண்டுக்கு வந்து சேருமோ தெரியாது. சிவலை கண்டு போட்டிருக்கு. வேற புதினமில்லை.

உன்ர கோல் ஏன் இப்ப கமரா இல்லாமல் வருது எண்டு நான் கேக்கப் போறேல்லை. நெற் ஸ்லோ எண்டாய், சரி. இஞ்ச உருத்திரபுரத்தில முகம் வடிவாத் தெரியுது, கனடாவிலதான் நெற் இல்லையாம்.

பேத்தின்ர பிறந்தநாள் படம் பாத்தன். நீ கேக்குக்குக் குனிஞ்சு நிக்கேக்க பிடரியில ஒரு கறுப்பு, வெல்வெற் துணி மாதிரி. கொப்பர் வெயில் எண்டார், அந்தக் குளிர் நாட்டில என்ன வெயில். ஆசுப்பத்திரியில மிசி வேலை பாத்து பென்சன் எடுத்தவளுக்கு அந்தக் கறுப்பு தெரியாதே. அது ஊத்தையில்லை ராசா, தேய்ச்சாப் போகாது, உடம்பில இன்சுலின் கூடினாலும் அப்பிடி வாறது. உன்னைச் சொல்லேல்லை, பொதுவாச் சொல்லுறன்.

சனம் நினைக்கிறது வெறுவயித்தில ரத்தச் சீனி 126 வந்த அண்டைக்குத்தான் சீனி வருத்தம் துவங்குது எண்டு, உங்க கனடாக் கணக்கில அதை 7 எண்டு சொல்லுவினம். அதுக்குக் கனகாலம் முதலே தசையும் ஈரலும் இன்சுலின்ர சொல்லுக் கேக்காது, கணையம் இன்னும் இன்னும் சுரந்து சீனியை மட்டா வைச்சிருக்கும், றிப்போட்டைப் பாத்தா ஒண்டுமில்லை. உள்ளுக்க ஈரல் கொழுப்பை ரத்தத்துக்க தள்ளிக்கொண்டிருக்கும், ட்ரைகிளிசரைட் எண்ட கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும், கெட்ட கொழுப்பு பொடிப்பொடியாகி இருதயத்துக் குழாய்ச் சுவருக்குள்ள பூரும். அதைத் தின்ன வாற வெள்ளை அணுக்கள் தின்டு ஊதி அங்கயே கிடந்திடும், அதுதான் படிவு. குழாய் முழுக்க அடைக்கோணும் எண்டில்லை, பாதிகூட அடைபடாத இடத்தில படிவு வெடிச்சு ரத்தம் கட்டினாலே காணும்.

கொப்பருக்கு நெஞ்சு நோகவேயில்லை, நினைவிருக்கோ. வேர்த்தது, களைச்சது, வாய்வு எண்டு இஞ்சித்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தார். சீனி கனகாலம் நிண்டு நரம்பைக் கெடுத்தா மாரடைப்பு நோகாமலும் வரும். பேந்து யாழ்ப்பாணத்தில இருதயத்தைப் படம் பிடிச்சா அதின்ர மூண்டு குழாயிலயும் நீளத்துக்குப் படிவு. சின்னமாமாவும் ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவர்.

நீ லொறி ஓடித்தான் இந்த வீடு எழும்பினது, தங்கச்சியும் கரைசேந்தாள், ஊரில ஆர் கேட்டாலும் நான் நிமிந்துதான் சொல்லுவன். ஆனா ராப்பகலா இருந்த இருப்பில ஓடுறதும், நித்திரை வராமலிருக்க கோக் குடிக்கிறதும், அதுக்கு ஒரு டோனட்டும், அது என்ன சாப்பாடு. எனக்கு என்ன வயசு எண்டு கேப்பாய். எங்கட ஆக்களுக்கு வெள்ளைக்காரரைப்போல பெருக்கத் தேவையில்லை, மெலிஞ்ச உடம்பில வயிறு மட்டும் வண்டி வைச்சாலே காணும், ஆம்பிளைக்கு இடுப்புச் சுத்து 90 சென்ரிமீற்றர்தான் கணக்கு. ஒருக்கா அளந்து பார், மூச்சை உள்ளுக்க இழுத்துக்கொண்டு அளக்காத.

எச்பிஏவன்சி எண்ட ரத்தச் சோதினை எடு. அது மூண்டு மாசச் சீனிக் கணக்கு, முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாத்தேலாது. 5.7 இல இருந்து 6.4 வரைக்கும் எண்டா இன்னும் திருப்பலாம், 6.5 எண்டா சீனி வருத்தம்தான், அதுக்கும் குளிசை இருக்கு, வெக்கப்பட என்ன கிடக்கு. கொலஸ்ரோல் குளிசை தந்தா எனக்குக் கொலஸ்ரோல் இல்லையே எண்டு எறியாத, அது படிவை வெடிக்க விடாமல் இறுக்கிறதுக்கும்தான். சாப்பிட்ட கையோட நட. நடக்கிற தசை இன்சுலினைப் பாத்துக்கொண்டிராமல் தானாச் சீனியை எடுக்கும். லொறியை நிப்பாட்டி அதைச் சுத்தியெண்டாலும் நட. நடக்கிறியோ?

மருமேள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை, அவளோட கொழுவாத. குரக்கன் மாவும் ஒடியல் மாவும் பாசலில போட்டிருக்கிறன். குரக்கன் எண்டாப்போல புட்டை அள்ளிச் சாப்பிடேலாது, அதுவும் மாதான். றிப்போட் ஏதும் கையில இருந்தா படம் எடுத்து அனுப்பு, கொப்பருக்குக் காட்டமாட்டன்.

அம்மா