சிலந்திப் பெட்டியில் கண் எங்கே?

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் சிலந்தி செய்து பார்ப்பதற்கான கைவேலைப் பெட்டிதான் எங்கள் சிலந்திப் பெட்டி. அதை வாங்கியவர்களில் பலர், "ஆடுகிற பிளாஸ்டிக் கண்ணைக் காணோமே?" என்று கேட்கிறீர்கள். வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. பசை காய்ந்ததும் அது கழன்றுவிடும், அப்புறம் நேராக வாய்க்குப் போகும். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவு அது. காலுக்கு பைப் கிளீனர் என்ற பஞ்சு சுற்றிய கம்பியை வைக்காததும் இதே கவலையில்தான். வெட்டிய நுனியில் கம்பி குத்தும்.

கண்ணுக்கு வெள்ளை வண்ணம் இருக்கிறது. சுண்டுவிரலைத் தொட்டு வைத்தால் போதும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள் என்பதால், பிள்ளை இரண்டோடு நிறுத்தாவிட்டால் தடுக்காதீர்கள்.

அட்டையும் உல்லன் நூலும் எதற்கு? லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பி 1999-ல் ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமான சிலந்தி ஒன்றைச் செய்து, அதற்கு 'அம்மா' என்று பெயரிட்டார். அவருடைய தாய் சித்திரம் நெய்த பழைய திரைச்சீலைகளின் கிழிசலைப் பழுதுபார்த்தவர். அந்த நூல் வேலையைத்தான் பெட்டிக்குள் கொண்டுவந்தோம். அட்டையின் ஓரத்தில் வெட்டுகள் இருக்கின்றன. பிள்ளை நூலை எப்படி இழுத்துச் சுற்றினாலும் அது வெட்டில் மாட்டிக்கொள்ளும். வலை கோணலாகத்தான் வரும், வரட்டும். நூலை ஒரு சாண் அளவில் வெட்டியிருப்பது கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடாதே என்றுதான். துண்டுகளை முடிந்து நீளமாக்க வேண்டாம்.

சிலந்தி என்றால் குழந்தை பயப்படாதா என்றும் கேட்டீர்கள். பிரெஞ்சு ஓவியர் ஒதிலோன் ரெதோன் 1881-ல் கரியால் வரைந்த சிலந்தி பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. பெரியவர்களுக்கு அது கொஞ்சம் விபரீதமாகத்தான் தெரியும். ஆனால் சிரிக்கிற பூச்சி என்றால் சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ரெதோனின் சிலந்திக்குப் பத்துக் கால்கள் வேறு! பிள்ளையின் கைகளில் கறுப்பு வண்ணம் பூசி, கட்டைவிரலை மடக்கி இரண்டு கைகளையும் அருகருகே அச்சு வைத்தால் எட்டுக் கால் கிடைக்கும். கட்டைவிரலும் பதிந்துவிட்டால், ரெதோன் கணக்குச் சரி.

பசை தீர்ந்தால் மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், மறுநாளே புளித்துவிடும். கறுப்பு வண்ணம் சட்டையில் பட்டால் ஈரம் காய்வதற்குள் அலசிவிடுங்கள். காய்ந்த பிறகு லேசில் போகாது.

அன்புடன்,
கடையிலிருந்து