தம்பியின் வயலுக்குப் பொறுப்பாளர்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

படுவான்கரை வயலை உன் பெயருக்கு எழுதினால் தம்பியைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக நீ தொலைபேசியில் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆயினும் நன்கொடை உறுதிப் பத்திரமாக எழுதினால் வயல் உன் சொந்தச் சொத்தாகி, உனக்குப் பின் உன் பிள்ளைகளுக்குப் போய்விடும். தம்பியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது. ஆகவே, 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி உறுதி எழுதுமாறு நொத்தாரிசு ஐயாவிடம் கேட்டிருக்கிறேன்.

அதில் பொறுப்பை உருவாக்குபவன் நான். எந்தக் காணி, யாருக்காக, எதற்காக என்பதைத் தெளிவாக எழுதிக் கையளிப்பது என் கடமை. நன்மை பெறுபவன் தம்பி. நீயும் அக்காவும் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள். உறுதியில் உங்கள் பெயர் இருந்தாலும் இரு போக விளைச்சலும் அவனுடையதே. குத்தகைப் பணத்தை உன் பணத்தோடு கலக்கவோ, வயலை உன் கடனுக்கு ஈடுவைக்கவோ, உன் விருப்பப்படி நீயே அதை விலைக்கு வாங்கவோ முடியாது. உறுதியில் வேறுவிதமாக எழுதாவிட்டால் இருவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். கணக்குக் கேட்கும் உரிமை தம்பிக்கு உண்டு. காசு எண்ணத் தெரியாதவன் என்பதால் அந்த உரிமை குறையாது.

என் மாமா எங்கள் ஊர்க் கோயிலில் வண்ணக்கராக, அதாவது கோயில் சொத்துக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பானவராக, இருந்தவர். 1978 சூறாவளியில் தம் வீட்டுக் கூரை பறந்த நிலையிலும், கோயில் வளவில் விழுந்த தேங்காய்களைப் பொறுக்கி எண்ணி விற்று, அந்த எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதிவைத்தார். மை ஊறிப் பரவிய அந்தப் பக்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது. நீ சிறுவனாக இருந்தபோது அதை உனக்குக் காட்டியிருக்கிறேன்.

பொறுப்பை ஏற்கும்படி எவரையும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஏற்றபின் நினைத்த நேரத்தில் கைவிட முடியாது. விலகுவதற்கு நீதிமன்றத்தின் அனுமதியோ உறுதியில் எழுதிய அதிகாரமோ வேண்டும், நன்மை பெறுபவர் சட்டப்படி ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவராயின் அவருடைய சம்மதமும் போதும். தூர தேசத்தில் இருந்துகொண்டு இதைச் சுமக்க முடியாது என்று உனக்குத் தோன்றினால் இப்போதே சொல்; எனக்கு வருத்தம் இல்லை. உன் பெயர் வரவேண்டிய இடத்தை நொத்தாரிசு ஐயா வரைவில் வெறுமையாக விட்டிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா