சிவப்புத் துணி கட்டிய நான்கு கம்புகள்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். நாளை மறுநாள் செப்டம்பர் 17. நம் ஏரியைத் துப்புரவு செய்த அந்தக் காலை கழிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்று நடந்ததில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் கோயம்புத்தூர் முகவரிக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்று நான் செய்ததை ஏரிக் குழுவின் செயலாளர் என்ற பெயரில் செய்தேன். ஆகவே குழுவும் தெருக்காரர்களும் படிக்கக்கூடிய இடத்தில் அதை எழுதுவதுதான் முறை என்று பட்டது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சிலவற்றை விட்டுவிடுகிறேன். ஏரியின் பெயரை எழுதவில்லை. பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். அவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான், கேட்டதைச் செய்தவன் நான். வரத்துக்கால்வாயை ஒட்டி எழும்பிய சுவரைப் பற்றி, வழக்கு நடப்பதால், ஒரு வரிகூட எழுதப்போவதில்லை.

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி 2022 ஜூலையில் வந்தவுடன், அதுவரை நம்மைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லோரும் தேடி வந்தார்களே, அந்த நாட்களில் நான் சற்று நிலைதடுமாறித்தான் போனேன். பத்துப் பேர் கையுறையும் சாக்குமாக ஞாயிறுதோறும் இறங்கிய ஏரிக்கு இருநூறு பேரும், இரண்டு லாரிகளும், மிதவையில் நிற்கும் பொக்லைனும் வருகின்றன என்றதும் நாள் குறிக்கும் உரிமையை அவர்களிடமே விட்டுவிட்டேன். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரையைத் துப்புரவு செய்யும் நாள் என்பதால் அதையே அவர்கள் கேட்டார்கள். ஏரிக்கும் கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, நீங்கள் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியதையே நான் எடுத்துச் சொன்னேன்: செம்பாக்கத்தில் நிரம்பும் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது, ஆகவே இங்கே எடுக்கும் பிளாஸ்டிக் கடலுக்குப் போகாத பிளாஸ்டிக். அது உண்மைதான். உங்களிடம் கற்ற உண்மையை உங்கள் ஆட்சேபத்தை அடைக்கப் பயன்படுத்தினேன் என்பதை இப்போது எழுதும்போது கூசுகிறது.

உங்கள் ஆட்சேபம் தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கழிவுநீர் வரவை அடைக்காமல் ஆகாயத்தாமரையை அள்ளுவது வீண் வேலை, அது தின்று வளரும் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் சாக்கடையோடு வந்துகொண்டே இருக்கும் என்றீர்கள். உபரி நீர் வழியும் கலங்கல் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளுங்கள், மேற்குக் கரையின் கோரையையும் சம்புப் புல்லையும் தொடாதீர்கள் என்றீர்கள். முந்தைய மாலை நீங்களே முழங்கால் வலியோடு இறங்கி, நான்கு மூங்கில் கம்புகளை ஊன்றி, பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டுப் போனீர்கள்.

அந்தக் கம்புகளைப் பிடுங்கியவன் நான்தான், டீச்சர்.

கல்லூரிப் பையன்கள் தெரியாமல் பிடுங்கியிருப்பார்கள் என்று அன்று நீங்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டீர்கள், நான் மறுக்கவில்லை. நடந்தது வேறு. காலை ஐந்தரைக்கு, மேடை போட வந்தவர்கள், மேடைக்கு நேர் எதிரே ஒரு திட்டு அப்படியே கிடந்தால் படத்தில் வேலையே நடக்காததுபோல் தெரியும் என்றார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். நான்கையும் பிடுங்கி, துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கம்புகளைக் கரைக்குப் பின்னால் போட்டேன். விவரம் தெரியாமல் செய்ததாகச் சொல்ல எனக்கு வழியில்லை. கம்புகளுக்கு நடுவே அழுகிய பாசிக் குவியல்போல் மிதந்தது என்னவென்று ஒரு வாரம் முன்புதான் தொலைநோக்கியை என் கையில் கொடுத்துக் காட்டியிருந்தீர்கள்.

பொக்லைன் அந்தக் குவியலை அள்ளிக் கரையில் கொட்டியபோது மணி ஒன்பது இருக்கும். நீங்கள் ஓடி வரவில்லை. நடந்து வந்து, குவியலின் அருகே உட்கார்ந்து, வேர்களையும் தண்டுகளையும் ஒவ்வொன்றாக விலக்கினீர்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், “டீச்சர், கையுறை போட்டுக்கோங்க, குப்பை” என்றாள். “குப்பை இல்லம்மா, கூடு” என்றீர்கள். முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை இடும்போது வெள்ளையாக இருக்கும் முட்டையில் பாசியின் கறை ஏறி ஏறிப் பழுப்பாகும் என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். மூன்று உடைந்திருந்தன. ஒன்று முழுதாக இருந்தது. அதை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்தீர்கள். பிறகு, அந்தப் பறவை கூட்டை விட்டு இறங்கும்போது முட்டையை மூடுமே, அதே போல் ஈரப் பாசியை எடுத்து அதன்மேல் மூடி, கரையோரத்தில் மிஞ்சியிருந்த சம்புத் தூருக்கு இடையில் வைத்தீர்கள். பயன் இருக்காது என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாருமில்லை. ஏரி நடுவே அந்தப் பறவை மூழ்கியது, எழுந்தது, மறுபடி மூழ்கியது. நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டைப் பையில் உங்கள் சிவப்புத் துணி இருந்தது.

யார் பிடுங்கியது என்று பிறகு என்னிடம் கேட்டீர்கள். விசாரிக்கிறேன் என்றேன்.

மன்னித்துவிடுங்கள், டீச்சர். இதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அன்று நான் எதற்கு அஞ்சினேன் என்பதையும் சொல்ல விடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அம்மாவை எப்படித் தூக்கி வந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு மாடியில்தான் மூன்று இரவுகள் இருந்தோம், உங்கள் போர்வையைத்தான் அம்மாவுக்குப் போர்த்தினீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும் நான் தூங்கும் முன் கலங்கலுக்குப் போய் வருகிறேன். 2022இல் ஆகாயத்தாமரை கலங்கலை மூடிவிட்டிருந்தது. பொக்லைன் அந்த ஒரு நாளைக்குத்தான் கிடைக்கும் என்றார்கள், நான் நம்பினேன். அன்று அந்தப் பக்கம் திறந்ததனால்தான் அதன் பின் நாங்கள் கையால் அள்ளியே அதைக் காக்க முடிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவில் தண்ணீர் தடையின்றி வழிந்து போனதை விடியும்வரை டார்ச் விளக்கோடு நின்று பார்த்தேன். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேற்குத் திட்டு கலங்கலிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஏரியின் மறு கோடி. ஆகவே இந்த நியாயம் அந்த நான்கு கம்புகளுக்கு எட்டாது, எனக்கும் தெரிகிறது.

உங்கள் மேல் எனக்குள்ள வருத்தத்தையும் எழுதாமல் விட்டால் இக்கடிதம் பாதி பொய்யாகிவிடும். மிக்ஜாம் இரவில் நீங்கள் இங்கே இல்லை. இரண்டு வரியில் விலகல் கடிதம் எழுதி, அதையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று என்னைத் திட்டியிருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீர்வளத் துறை அலுவலகத்தில் ஓர் அனுமதிக்கு எத்தனை முறை நின்றோம், லாரி வாடகையை யார் கொடுத்தார், இரவில் கழிவுநீர் லாரியை மறித்தபோது யாரை அடிக்க வந்தார்கள் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பறவைகளை எண்ணுவது உங்கள் வேலை, மற்றவை எல்லாம் என் வேலை என்று எப்படியோ ஆகிவிட்டது. எண்ணுகிறவருக்குக் கை அழுக்காவதில்லை என்று கோபத்தில் பலமுறை நினைத்திருக்கிறேன். உடனே, குவியலைக் கிளறிய அந்தக் கை நினைவுக்கு வரும்.

இப்போது எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். குழுவுக்கு ஒரு புதிய திட்டம் வந்திருக்கிறது. கரையின் உட்சரிவு முழுவதும் சிமென்ட் சாந்து வைத்துக் கல் பதிப்பது, அதன்மேல் நடைபாதை, நடுவில் ஒரு தீவு. பழைய கரையில் அலைகல் உண்டு. அது சாந்தில்லாமல் அடுக்கியது, அலை அறையும் பக்கத்தில் மட்டும் இருப்பது, இடுக்கெல்லாம் கோரை முளைப்பது. சாந்து வைத்த சரிவில் ஒரு சம்புகூட ஊன்றாது, கூட்டைக் கட்டிப்போட ஒரு தண்டு இருக்காது. தீவுக்கு மண் கொட்டினால் அந்த அளவுக்கு நீர் கொள்ளும் இடமும் குறையும். இதைத் தடுக்கச் சட்டத்தில் ஏதேனும் இருக்கிறதா என்று தேடினேன். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் பாசனத்துக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளைத் தம் வரம்பிலிருந்து விலக்கிவிட்டன. நம்முடையது பாசன ஏரி, அது பாய்ச்சிய வயல்களில் இப்போது அடுக்குமாடிகள் நின்றாலும். ஏரிகளைக் காக்கும் 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. கோரையைக் காக்கச் சொல்லவில்லை. ஆகவே அந்த மேற்குக் கரைக்கு இப்போதைக்கு இருக்கும் காவல் நம் குழுவின் ஒப்புதல் கையெழுத்து மட்டும்தான்.

அதை நான் போடப்போவதில்லை. 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மறுப்பை எழுத்தில் கொடுக்கிறேன், 2022இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு செயலாளராக நான் இருக்க வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். உதவ வந்தவர்களை விரட்டுகிறாய் என்று சில நண்பர்கள் வருத்தப்படுவார்கள். அவர்களும் இந்த ஏரிக்காக முதுகு ஒடிய உழைத்தவர்கள், அவர்களைக் குறைத்து எழுத எனக்கு மனமில்லை.

கூட்டத்தில் வாயால் சொன்னால் போதாது, மேற்குக் கரையில் என்ன இருந்தது என்பதற்குக் கணக்கு வேண்டும். அது உங்கள் நீல அட்டை நோட்டில் இருக்கிறது. இரண்டு முறை தொலைபேசியில் கேட்டீர்கள், தேடுகிறேன் என்று சொன்னேன். அது என் பீரோவில்தான் இருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தில், “17.9.22, மே. கரை, முக்குளிப்பான் கூடு 1, முட்டை 4” என்று எழுதி, அதன்மேல் ஒரே கோடாக அடித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் பேச எனக்குத் துணிவு வரவில்லை.

அதைக் கூட்டத்தில் படிக்க உங்கள் அனுமதி வேண்டும். வேண்டாம் என்றால் படிக்க மாட்டேன். எப்படியானாலும் திங்கட்கிழமை கூரியரில் அனுப்பிவிடுகிறேன். இந்த மூன்று ஆண்டுகளில் நான் எண்ணியவற்றைத் தனித் தாள்களில் எழுதியிருக்கிறேன், அவற்றையும் உள்ளே வைக்கிறேன். சம்பு மறுபடி வளர்ந்த இடத்தில் போன வியாழக்கிழமை பார்த்த கூட்டைக் கடைசித் தாளில் குறித்திருக்கிறேன். தொலைநோக்கி இல்லாமல் பார்த்ததால் முட்டைகளின் எண்ணிக்கை எழுதவில்லை.

உங்கள் மாணவன்