சர்வே கல்லைத் தொடாதீர்கள்

உறவுகளுக்கு வணக்கம். மழைக்கு இடிந்த கையாலைகளை (நிலத்தைச் சுற்றிய எல்லைச் சுவர்களை) இப்போது பலரும் ஜேசிபி வைத்துச் சரிசெய்கிறோம். மண் அள்ளும்போது மூலையில் எல்லை காட்டி நிற்கும் சர்வே கல்லும் கூடவே பெயர்ந்து போகிறது. போன வாரம் ஒரு விளையில் (தோட்ட நிலத்தில்) அப்படி வந்த கல், துணி துவைக்கப் போட்டிருந்தது! நல்ல கல்தான், ஆனால் அது நம் சொத்து அல்ல.

அரசு அலுவலர் நட்ட எல்லைக் கல்லைத் தெரிந்தே அழித்தாலோ நகர்த்தினாலோ ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 434, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 326-இன் (e) உட்பிரிவு. பக்கத்து விளைக்காரர் சம்மதித்தார் என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923-இன்படி, பட்டாதாரர்தான் தன் நிலத்துக் கல்லைப் பராமரிக்க வேண்டும். செய்யாவிட்டால் அரசே நட்டுவிட்டு, செலவை நில வரிப் பாக்கி போல வசூலிக்கலாம்.

சரி, கல் ஏற்கெனவே பெயர்ந்திருந்தால்? குத்துமதிப்பாக நீங்களே நடாதீர்கள். இ-சேவை மையத்தில் அளவைக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் புலப்படத்தை (நிலத்தின் அளவு வரைபடத்தை) பார்த்து அளந்து நடுவார். அரை சென்டுக்காக நாகர்கோவில் கோர்ட்டுக்கு அலைகிறவர்களை நாமே பார்க்கிறோம்.

வேலை தொடங்குமுன் கல்லைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டி, ஜேசிபி ஓட்டுநரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், பக்கத்து நிலமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.