பவளக்கல் சுவருக்கு சிமென்ட் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரீபியக் கடலில் டென்மார்க் ஆண்ட தீவுகளை (இன்றைய அமெரிக்க வர்ஜின் தீவுகள்) பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். செயின்ட் ஜான் தீவின் அன்னபெர்க் கரும்பாலை இடிபாடுகளைப் பார்த்த கட்டுரையாளர், சிமென்ட் பூசிக் காப்பாற்றியிருக்கலாமே என்று ஆதங்கப்படுகிறார். ஆதங்கம் நியாயம். மருந்துதான் தப்பு.

அந்தச் சுவர்கள் எதனால் ஆனவை என்று முதலில் பார்க்க வேண்டும். உள்ளூர்ப் பாறைக்கல், கடலிலிருந்து ஈரமாக வெட்டி எடுத்த பவளக்கல், மூலைகளிலும் வாசல் வளைவுகளிலும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் அடிப்பாரமாக வந்த மஞ்சள் செங்கல். இவற்றைப் பிடித்து வைத்திருப்பது, சிப்பியையும் பவளத்தையும் காளவாயில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. வெட்டியவர்களும் சுட்டவர்களும் சுமந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். பவளக்கல்லில் துளை அதிகம்; பஞ்சு போல நீரை இழுத்து, காற்றடித்தால் விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்தும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து மூச்சு விடும் சுவர் அது.

அதன்மேல் சிமென்ட் பூசினால், விரிசல் வழியாகவும் தரையிலிருந்தும் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கடலோரம் என்பதால் அந்த ஈரத்தில் உப்பு இருக்கும். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்துக்கு மேல் போனால் கரையும், கீழே இறங்கினால் படிகமாகும். இரவில் ஈரம், பகலில் ஒரே திசையில் விடாமல் வீசும் வணிகக் காற்று என்று வாழும் தீவில் இது ஓயாமல் நடக்கும். ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் கல்லின் துளையை உள்ளிருந்து நெம்பும். சில ஆண்டுகளில் சிமென்ட் தகடு தகடாக உரியும். உரியும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். சிமென்ட் நன்றாகத்தான் இருந்தது, கல்தான் மோசம் என்று அப்போது சொல்வார்கள். உண்மை நேர்மாறு. சுவர் சற்று அசைந்தால் சாந்து விரிய வேண்டும், கல் விரியக் கூடாது. சாந்து எப்போதும் கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும் என்பது பழைய கொத்தனார்களுக்குத் தெரிந்த பாடம்.

இரும்புக் கம்பி செருகிக் கான்கிரீட் போடுவது இதைவிட மோசம். உப்புக்காற்றில் கம்பி துருவேறிப் பருத்து, சுற்றியுள்ள கல்லையே பிளக்கும்.

சரியான பழுதுபார்ப்பு நிதானமானது. கல் இடுக்கில் செத்துப்போன சாந்தை உளியும் சிறு சுத்தியலும் கொண்டு கையால் சுரண்ட வேண்டும். குறைந்தது 25 மில்லிமீட்டர் ஆழம், அல்லது இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு. மின்சாரக் கட்டர் வேண்டாம், அது செங்கல்லின் விளிம்பைத் தின்னும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, சுவரை ஈரமாக்கி, தண்ணீர் சொட்டுவது நின்றபின்தான் சாந்து வைக்க வேண்டும். காய்ந்த கல்லில் வைத்தால் சாந்திலுள்ள நீரைக் கல் குடித்துவிடும், சாந்து பொடியாகும்.

கலவை: குறைந்தது 3 மாதம் நீருக்கடியில் ஊறிய, தாளித்த (தண்ணீர் விட்டு நீற்றிய) சுண்ணாம்பு 1 பங்கு, உருண்டையாகாத, கூர் முனையுள்ள மணல் 3 பங்கு. நனைந்துகொண்டே இருக்கும் அடிப்பகுதிக்கு மணலில் 1 பங்கைக் குறைத்துச் செங்கல் தூள் சேர்க்கலாம். நாம் சுர்க்கி என்போமே, அதேதான். காற்றே படாத இடத்திலும் இறுகும் குணத்தை அது சாந்துக்குத் தரும். கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போட்டால் உப்பை நாமே ஊட்டுவதாகும். மூட்டையில் வரும் சுண்ணாம்புத் தூளிலும் ஒரு வம்பு உண்டு: தீவுக்குக் கப்பலில் வந்து, கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால், ஈரக்காற்றில் பாதி அப்போதே சுண்ணாம்புக்கல்லாகத் திரும்பியிருக்கும். கலந்தால் பிடிப்பே இருக்காது. மூட்டையின் தேதியைப் பார்க்காமல் கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

பூச்சு ஒரு படலத்துக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் போதும்; படலத்துக்குப் படலம் சில நாள் இடைவெளி வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவளியை (கார்பன் டை ஆக்சைடை) உண்டுதான் இறுகும், அதற்கு ஈரமும் வேண்டும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயிலையும் காற்றையும் மறைக்க வேண்டும். அன்னபெர்க்கில் காற்றாலை நிற்பதே காற்று விடாமல் அடிக்கும் மேட்டில் என்பதால், இந்த மறைப்பில்தான் பெரும்பாலும் வேலை கெடும்.

சாந்துக்கு வழியிருக்கிறது, பவளக்கல்லுக்கு இல்லை. இன்று அங்கே பவளத்தை வெட்ட முடியாது. தீவின் பெரும்பகுதி 1956இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள பவளப்பாறைகளும் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. ஆகவே விழுந்த கல்லே மாற்றுக்கல். புயலில் சரிந்த கற்குவியலை இயந்திரம் வைத்து ஒதுக்கினால், திரும்பக் கட்டும் வாய்ப்பும் அதோடு போயிற்று. முதலில் படம் எடுத்து, கல்லுக்கு எண் போட்டு, விழுந்த வரிசையிலேயே தரையில் பரப்பி வைக்க வேண்டும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் அந்தத் தீவைத் தாக்கியபின் இதன் அருமை புரிந்திருக்கும்.

சுவரில் முளைத்த அத்தி மரத்தையும் பிடுங்கக் கூடாது. வேர் சுவருக்குள் எலும்பு போல ஓடியிருக்கும். இழுத்தால் சுவரும் கூடவே வரும். அடிமரத்தை அறுத்து, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்து மட்கும்வரை விட்டு, பிறகு அந்தப் பொந்தில் சுண்ணாம்புக் குழம்பை ஊற்ற வேண்டும்.

கட்டுரை ஆவணங்களைத் தொடவே இல்லை. கல்லைக் காப்பதில் பாதிப் பயன் அவற்றில்தான் இருக்கிறது. 1917 மார்ச் 31 அன்று 2.5 கோடி டாலருக்குத் தீவுகளை அமெரிக்காவிடம் டென்மார்க் ஒப்படைத்தது. ஆவணங்களில் பெரும்பகுதி கோப்பன்ஹேகனுக்கும் ஒரு பகுதி வாஷிங்டனுக்கும் போயின. தீவுக்காரர் தன் பாட்டியின் பெயரைத் தேடக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. 2017இல் டேனிஷ் தேசிய ஆவணக்காப்பகம் சுமார் 50 லட்சம் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்தது. நல்ல காரியம். ஆனால் அவை பெரும்பாலும் பழைய டேனிஷ் மொழியில், கோதிக் கையெழுத்தில் இருக்கின்றன. வாசித்து எழுதித் தரவும் பெயர் வாரியாக அட்டவணை போடவும் ஆள் இல்லாவிட்டால், படமெடுத்தது பாதி வேலைதான். 1733 நவம்பர் 23 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் அக்வாமு இனத்து அடிமைகள் விறகுக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக் கொண்டுபோய் அதே செயின்ட் ஜானின் கோரல் பே கோட்டையைப் பிடித்ததும், மறு ஆண்டு மார்ட்டினிக்கிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை அவர்களை ஒடுக்கியதும் நமக்குத் தெரிவது, அடிமைகளை வைத்திருந்தவர்கள் எழுதி வைத்த காகிதத்தின் வழியாகத்தான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1620இல் கட்டத் தொடங்கிய தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டையும் 1845 வரை அதே அரசின் கையில் இருந்தது. டேனிஷ் கடல்வணிகக் கம்பெனிகளின் ஆவணங்களை யுனெஸ்கோ 1997இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, இரண்டு கடற்கரைகளின் காகிதமும் ஒரே தொகுப்பாகவே சேர்ந்தது. இந்தியாவிலிருந்து கோப்பன்ஹேகன் போன பருத்தித் துணியில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரைக்கு ஏறி, அடிமை வாங்கும் சரக்கானது. செயின்ட் ஜானின் சுவரைப் பற்றித் தமிழ் இதழில் எழுதும்போது இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். 3ஆவது படத்தின் கீழே ‘அடிமைகள் தங்கிய அறைகள்’ என்று அச்சாகியிருக்கிறது. அது பாகு காய்ச்சும் கூடம். மேடையில் வரிசையாக இருக்கும் வட்டப் பள்ளங்களில் கொப்பரைகள் அமர்ந்திருந்தன, அடியில் கரும்புச் சக்கை எரிந்தது. அடிமைகளின் குடிசைகள் சுள்ளிப் பின்னலில் சுண்ணாம்பும் மண்ணும் அப்பி ஓலை வேய்ந்தவை. ஆலைக்குக் கீழே சரிவில், புதருக்குள், சில தரைத் தளங்கள்தான் மிச்சம். கட்டுரையாளர் மறுமுறை போனால் அதைப் படமெடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
மரபுக் கட்டடப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
மயிலாடுதுறை